மெரிட் லிஸ்ட் வரும் வரை

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எங்காவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். ஏப்ரலில் என்டிஏ எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான எழுத்துத் தேர்வு எழுதித் தேறினீர்கள். ஆகஸ்டில் பெங்களூரில் எஸ்எஸ்பி, அதாவது அதிகாரி ஆகத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் ஐந்து நாள் தேர்வு. ஐந்து நாளும் தாண்டி ‘ரெகமண்டட்’, அதாவது பரிந்துரைக்கப்பட்டவர், ஆனீர்கள். மெடிக்கலிலும் ‘ஃபிட்’ என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மெரிட் லிஸ்டுக்காக, அதாவது மதிப்பெண் வரிசைப்படி பெயர்கள் வரும் இறுதிப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறீர்கள். இதற்கிடையில் வீட்டார் சொற்படி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாயிற்று, ஆனால் வகுப்பில் மனம் நிற்கவில்லை. ஊர் முச்சந்தியில் மாமா ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். நள்ளிரவில் விழித்து, தேர்வை நடத்தும் யுபிஎஸ்சியின் இணையதளத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். இந்தக் காத்திருப்பை எப்படிச் சமாளிப்பது, நவம்பர் செமஸ்டர் தேர்வுக்குக் கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்பவை நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகள். அவற்றுக்குள் வேறு மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இடம் கிடைக்குமா? கிடைக்கும் வரை மற்ற வாழ்க்கையை நடத்துவதா, நிறுத்தி வைப்பதா? கிடைக்காவிட்டால் ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது? உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மூன்றாவது கேள்விதான் என்று நினைக்கிறேன்.

என் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ள என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னை பரங்கிமலையிலிருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, தரைப்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகளாகக் கொங்குப் பகுதி மாணவர்களுக்கு எஸ்எஸ்பிக்கு வழிகாட்டி வருகிறேன். தேர்வு வாரியத்தில் மதிப்பெண் போடும் நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. மனநல மருத்துவனும் அல்ல. நான் நெருங்கிப் பார்த்ததெல்லாம் காத்திருந்த பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும்தான்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதவை. எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்எஸ்பிக்கு 900, ஆக மொத்தம் 1800 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் 900இல் கணிதத்துக்கு 300, பொதுத்திறன் தாளுக்கு 600. எழுத்துத் தேர்வு விடைகளை ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டீர்கள். ஐந்தாம் நாள், தேர்வாளர்கள் எல்லோரும் கூடி உட்காரும் கான்ஃபரன்ஸ் முடிந்து உங்கள் மார்பு எண்ணை வாசித்தபோதே எஸ்எஸ்பி கணக்கும் முடிந்துவிட்டது. இந்த இரண்டு மதிப்பெண்ணும் இறுதி முடிவு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அதுவரை உங்களுக்கும் தெரியாது, உங்களோடு வந்தவர்களுக்கும் தெரியாது, பயிற்சி மையங்களுக்கும் தெரியாது. நீங்கள் கான்ஃபரன்ஸ் அறையில் கதவைச் சரியாகச் சாத்தினீர்களா, கடைசிக் கேள்விக்கு ‘நோ சார்’ என்று சொன்னது தவறா என்று இரவெல்லாம் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கைத் திறந்து திருத்த இனி யாராலும் முடியாது. நல்லதோ கெட்டதோ, அது நடந்து முடிந்த விஷயம்.

அடுத்து, பலர் தெரிந்துகொள்ளாமலே காத்திருக்கும் விஷயம் ஒன்று. மெரிட் லிஸ்ட் தயாரிக்கும்போது மெடிக்கல் முடிவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை; யுபிஎஸ்சி தன் அறிவிப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறது. அதனால் பட்டியலில் இருக்கும் பெயர்கள், இருக்கும் இடங்களைவிட அதிகமாக இருக்கும். என்டிஏவுக்கும் எழிமலை கடற்படை அகாடமிக்கும் சேர்த்து ஒரு தேர்வுக்குச் சுமார் 400 இடங்கள். அண்மைக் காலப் பட்டியல்கள் பலவற்றில் 600க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. மேலே இருப்பவர்களில் சிலர் மெடிக்கலில் தகுதி பெறாமல் போவார்கள், சிலர் வேறு வழியில் சென்றுவிடுவார்கள். அவர்கள் விட்ட இடங்களுக்குக் கீழே இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று நீங்கள் கொடுத்த விருப்ப வரிசையும் இதில் சேர்ந்துகொள்ளும். ஆக, உங்கள் முன்னால் இருப்பது ஒரு காத்திருப்பு அல்ல, இரண்டு. முதலாவது பட்டியலுக்கு, இரண்டாவது ஜாயினிங் லெட்டருக்கு. உங்கள் வரிசை எண் மேலே இருந்தால் இரண்டாவது காத்திருப்பு ஒன்றுமே இல்லை. நடுவில் இருந்தால் அதுதான் கடினமானது, ஏனென்றால் அப்போது ஊரே வாழ்த்திவிட்டிருக்கும், கடிதம் மட்டும் வந்திருக்காது. இதை இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.

இதைப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2021இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்த பிறகுதான் உங்களுக்கு இந்தத் தேர்வு திறந்தது. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் என்டிஏ இருக்கும் கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பெண்களுக்கான இடங்கள் அறிவிப்பில் தனியே குறிப்பிடப்பட்டிருக்கும், எண்ணிக்கையும் குறைவு. உங்கள் வரிசை எண்ணை அந்த இடங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டுமே தவிர, ஒட்டுமொத்த எண்ணிக்கையோடு அல்ல.

இனி, உறுதியில்லாதவை. டெலிகிராம் குழுக்களில் ‘இந்த முறை கட்-ஆஃப் இவ்வளவு’ என்று எழுதுகிறார்களே, அது ஊகம். ஆண்டுக்கு இரண்டு தேர்வு; 2022இன் முதல் தேர்வில் இறுதி கட்-ஆஃப் 720. அடுத்த ஆண்டு முதல் தேர்வில் அது 664. ஓராண்டில் ஐம்பதுக்கு மேல் இறங்கும் என்று முன்கூட்டிச் சொன்னவர் எவரையும் நான் பார்க்கவில்லை. வினாத்தாளின் கடினம், எத்தனை பேர் ரெகமண்டட் ஆனார்கள், அவர்கள் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்தார்கள் என்று பல விஷயங்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் எதுவும் இப்போது வெளியே இருப்பவர் கையில் இல்லை. பட்டியல் எந்த நாளில் வரும் என்பதும் அப்படித்தான். ஏப்ரல் தேர்வுக்கான பட்டியல் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும், ஜனவரியில் பயிற்சி தொடங்கும் என்ற அளவுக்குத்தான் பொதுவாகச் சொல்ல முடியும். ‘உள்ளே இருந்து வந்த தகவல்’ என்று ஒரு தேதியைச் சொல்பவரை நம்பி அந்த நாளுக்காக மனத்தைத் தயார் செய்யாதீர்கள். அந்த நாள் வந்து போன பிறகு வரும் சோர்வு காத்திருப்பைவிடக் கொடியது.

இந்த நேரத்தில் இன்னொரு கூட்டமும் வரும். ‘டில்லியில் ஆள் இருக்கிறார், மெரிட் லிஸ்டில் பெயரை ஏற்றிவிடலாம், கொஞ்சம் செலவாகும்’ என்று உங்கள் தந்தைக்கு யாராவது போன் செய்யலாம். போலி ஜாயினிங் லெட்டர் கொடுத்துப் பணம் பறித்த வழக்குகள் நாட்டில் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கொடுத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அந்தப் பையன் தன் சொந்த மதிப்பெண்ணிலேயே இடம் பெற்றான், பணம் மட்டும் திரும்பவில்லை. அப்படி அழைப்பு வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். தந்தையிடம் இதை இன்றே சொல்லுங்கள், ஏனென்றால் அவர்கள் உங்களிடம் பேசமாட்டார்கள், கவலையில் இருக்கும் பெற்றோரிடம்தான் பேசுவார்கள்.

சரி, மனத்தை என்ன செய்வது? காத்திருப்பு பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர், வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த சுமார் 230 சட்டப் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். கவலையை அடக்கப் பார்த்தவர்கள், ‘எல்லாம் நன்மைக்கே’ என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தவர்கள் என்று பல வழிகளை முயன்றவர்கள் அதில் இருந்தார்கள். அந்த முயற்சிகள் எதுவும் அவர்களுடைய தவிப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. காத்திருந்த காலத்தில் கவலைப்பட்டவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள். நல்ல செய்தி வந்தபோது மற்றவர்களைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். இதை நான் உங்களுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ‘ஒரு ராணுவ அதிகாரி ஆகப் போகிறவன் இப்படிப் பதறலாமா, எனக்கு மன உறுதியே இல்லையா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றம் உங்கள் தகுதிக் குறைவுக்கு அடையாளம் இல்லை. லண்டனில் 2016இல் வெளியான ஒரு ஆய்வில், கையில் மின் அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தவர்களைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பில் இருந்தவர்களுக்குத்தான் அழுத்தம் அதிகமாக இருந்தது. மனித உடம்பு அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்கச் சட்ட மாணவர்களிடம் கண்டதைத் தமிழ்நாட்டின் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் நான் நேரில் பார்த்தது இதற்கு மாறாக இல்லை.

அதே பேராசிரியரின் குழு பிறகு செய்த ஆய்வுகளில் உதவியதாகத் தெரிந்தது வேறு ஒன்று. நேரம் போவது தெரியாமல் ஒருவரை முழுதாக உள்ளிழுத்துக்கொள்ளும் வேலை. அது கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொலைக்காட்சி பார்ப்பது, ரீல்ஸ் தள்ளுவது இவற்றுக்கு அந்தக் குணம் கிடையாது. கை தள்ளிக்கொண்டிருக்கும்போதே மனம் மெரிட் லிஸ்டுக்குப் போய்விடும். உங்களுக்கு நான் மூன்று வேலைகளைச் சொல்வேன், மூன்றுமே இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பயன்படும்.

முதலாவது நீச்சல். நம் பக்கத்துப் பிள்ளைகளில் நீந்தத் தெரியாமல் கடக்வாஸ்லா போய் முதல் பருவத்தில் திணறுபவர்கள் உண்டு. அங்கே நீச்சல் தெரியாமல் காலம் தள்ள முடியாது. தோட்டத்துக் கிணறோ, மாவட்ட விளையாட்டு அரங்கின் குளமோ, நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் மேலே நிற்கும்போது மட்டும் இறங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம். இரண்டாவது, பேச்சு இந்தி. பாடமும் கட்டளையும் ஆங்கிலத்தில் இருந்தாலும், உங்களைச் சேர்க்கும் ஸ்குவாட்ரன் என்ற பிரிவில் அறைத்தோழனோடும், அணிவகுப்பு கற்றுத்தரும் டிரில் உஸ்தாத்தோடும் நாள் முழுக்கப் பழகும் மொழி இந்திதான். நாளைக்கு நீங்கள் தலைமை தாங்கப் போகும் ஜவான் தன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் அதில்தான் சொல்வான். தெரியாமல் போனால் வெளியே அனுப்பிவிடமாட்டார்கள், கற்றுக்கொண்டுவிடுவீர்கள். தெரிந்து போனால் முதல் சில மாதங்களின் தனிமை பாதியாகும். மூன்றாவது கணிதம், தினமும் ஒரு மணி நேரம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உடம்பு. தேர்வு அறிவிப்பிலேயே, சேரும் முன் எட்டியிருக்க வேண்டிய அளவைச் சொல்லியிருக்கிறார்கள்: 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடுவது, புஷ்-அப், சிட்-அப் குறைந்தது 20, சின்-அப் குறைந்தது 8, மூன்று நான்கு மீட்டர் கயிறு ஏறுவது, ஸ்கிப்பிங். இது குறைந்தபட்சம், கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் அதிகம் எச்சரிப்பது இதற்கு எதிர்ப்பக்கம். பதற்றத்தை ஓடியே தீர்த்துவிடலாம் என்று தார் ரோட்டில் தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி, முன்னங்கால் எலும்பில் விரிசலோடு என்னிடம் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘ஃபிட்’ என்று சொன்ன உடம்பை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இப்போது உங்கள் வேலை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மண் பாதையில் ஓட்டம், வலி வந்தால் நிறுத்தம். எடையைக் கவனியுங்கள்; தீபாவளிப் பலகாரத்தில் ஏறும் எடை கணக்கில் வராது என்று எண்ண வேண்டாம். கிரிக்கெட் ஆடலாம், பைக்கில் மூன்று பேராகப் போவதை இந்த மாதங்களிலாவது விட்டுவிடுங்கள். ரெகமண்டட் ஆன சந்தோஷத்தில் பச்சை குத்திக்கொள்ளத் தோன்றினால் அதையும் தள்ளிப் போடுங்கள். உடலில் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

உங்களுக்கு இது பொருந்தாது என்றாலும், இந்தப் பதிலைப் படிக்கும் வேறு சிலருக்காக: மெடிக்கலில் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று சொல்லப்பட்டவர்கள் சும்மா காத்திருக்கக் கூடாது. மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டுக்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 42 நாள். எந்த ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று உங்களிடம் கொடுத்த தாளில் எழுதியிருக்கும். எடை, காது அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, விரை நரம்புப் புடைப்பு போன்றவற்றில் சரிசெய்து மீண்டவர்கள் பலர். சிகிச்சை எதுவானாலும் அந்தத் தாளை நல்ல மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு அல்ல.

அடுத்தது காகிதங்கள். இதில்தான் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், காரணம் நம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் செல்வராஜ்’, விண்ணப்பத்தில் ‘கார்த்திக் எஸ்’ என்று மூன்று விதமாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். டில்லியில் கோப்பைப் புரட்டுபவருக்கு மூன்று ஆட்கள். இப்போதே எல்லாச் சான்றிதழையும் மேஜையில் பரப்பி உங்கள் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஆதாரைத் திருத்துவது, தேவையானால் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது என்று தொடங்குங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், கடிதம் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. பிறந்த தேதி, கல்வித் தகுதிச் சான்றுகளை முடிவு அறிவிப்பில் கொடுத்திருக்கும் ஆள்சேர்ப்பு இயக்ககத்தின் முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும், யுபிஎஸ்சிக்கு அல்ல. எஸ்எஸ்பியில் ஏற்கெனவே கொடுத்தது எது, கொடுக்காதது எது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் கல்லூரியில் இருந்தால், திரும்பப் பெற எத்தனை நாள் ஆகும் என்று அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது. நடைமுறை வேறாக இருக்கும் இடங்கள் உண்டு. துறைத் தலைவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வைத்தால், பெரும்பாலானவர்கள் பெருமையோடு உதவுவார்கள்.

இப்போது ஃபிளெக்ஸ். மாமா அன்பினால் வைத்தார், அவரைக் கோபிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பலகைதான் உங்கள் காத்திருப்பை இரண்டு மடங்காக ஆக்கியிருக்கிறது. முன்பு நீங்கள் உங்களுக்காகக் காத்திருந்தீர்கள், இப்போது ஒரு தெருவுக்கே பதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மழையில் கிழிந்து விழும் வரை விடாமல் இந்த வாரமே அதை இறக்கச் சொல்லுங்கள். அபசகுனம் என்று யாராவது சொல்வார்கள்; கடிதம் வந்த பிறகு இதைவிடப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் மாமா கேட்டுக்கொள்வார். டீக்கடையில் கேட்பவர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: ‘எஸ்எஸ்பி தேறியாச்சு, மெரிட் லிஸ்ட் இன்னும் வரணும், அதில் இடத்தைவிட ஆள் அதிகம்.’ திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். நான்கு முறை கேட்ட பிறகு ஊருக்கு அலுத்துவிடும். தந்தை தினமும் கேட்பது வேறு விஷயம். அவருக்குக் கவலையைச் சொல்ல வேறு வார்த்தை தெரியவில்லை. அவரிடம் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: தினமும் மாலை ஆறு மணிக்கு நீங்கள் இணையதளத்தைப் பார்ப்பீர்கள், வந்திருந்தால் நீங்களே சொல்வீர்கள், மற்ற நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம். பட்டியல் வெளியானால் இணையத்தில் அங்கேயேதான் இருக்கும். முதல் ஆளாகப் பார்த்தவருக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூட்டித் தருவதில்லை. இரவில் போனை வேறு அறையில் சார்ஜுக்குப் போடுங்கள், எழுப்புவதற்கு ஒரு மேஜைக் கடிகாரம் வாங்குங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் என்னிடம் வந்த பிள்ளைகளில் தூக்கம் திரும்பியவர்கள் பெரும்பாலும் இதைச் செய்தவர்கள்தான்.

பட்டியலில் பெயர் இல்லாமல் போனால்? இந்தக் கேள்வியை இப்போதே ஒருமுறை முழுதாக யோசித்துவிடுங்கள், பிறகு மூடி வையுங்கள். அப்துல் கலாம் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போய், 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டு இடங்களே இருந்ததால் திரும்பியதை எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். உண்மையான, மதிப்புள்ள கதைதான். ஆனால் அது முடிவு தெரிந்தவருடைய கதை. முடிவு தெரியாதவருக்கு அதைவிட உதவுவது காலண்டரும் கணக்கும். உங்களுக்கு 18 வயது. என்டிஏ வயது வரம்பு பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. எந்தப் பிறந்த தேதிகளுக்குள் இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் அறிவிப்பிலும் கொடுத்திருப்பார்கள். உங்கள் தேதியை அதோடு ஒப்பிட்டால் இன்னும் எத்தனை முறை எழுதலாம் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். செப்டம்பரில் நடந்த தேர்வை எழுதினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதியிருந்தால் ஒரு வாய்ப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எழுதாவிட்டால் ஏப்ரல் தேர்வுக்கான அறிவிப்பு வழக்கமாக டிசம்பரில் வரும்.

இங்கேதான் கணிதம் வருகிறது. ரெகமண்டட் ஆகியும் பட்டியலில் இடம் பெறாதவர்களின் மதிப்பெண்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களை வெளியே தள்ளியது எழுத்துத் தேர்வுதான். கட்-ஆஃபைத் தாண்டிவிட்டோம் என்று அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அதே மதிப்பெண்தான் இறுதிக் கணக்கில் பாதிப் பங்கு. எஸ்எஸ்பியில் அடுத்த முறை புதிய வாரியம் உங்களைப் புதிதாகப் பார்க்கும். முன்பு தேறியதற்குச் சலுகை கிடையாது, எவ்வளவு கூடும் குறையும் என்று யாரும் சொல்ல முடியாது. கணிதத்தில் எத்தனை கூட்டலாம் என்பது உங்கள் உழைப்பைப் பொறுத்தது. இடம் கிடைத்தாலும் அந்தப் படிப்பு வீணாகாது. என்டிஏவில் மூன்றாண்டு ராணுவப் பயிற்சியோடு பட்டப் படிப்பும் நடக்கிறது. என்டிஏ வயது தாண்டிவிட்டால் பட்டப் படிப்புக்குப் பின் முப்படைகளுக்குமான சிடிஎஸ் தேர்வு இருக்கிறது, விமானப்படைக்கு ஏஎஃப்கேட் என்ற தேர்வு இருக்கிறது, என்சிசி ‘சி’ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. 1963இல் தொடங்கிய பரங்கிமலை அகாடமிக்குள் வருபவர்களில் முன்பு என்டிஏவைத் தவற விட்டவர்கள் எத்தனையோ பேர். என் உடன் பயின்றவர்களிலும் இருந்தார்கள். அவர்களுடைய தோளிலும் அதே நட்சத்திரங்கள்தான் ஏறின. அந்த வாசல்கள் எல்லாவற்றுக்கும் பட்டம் வேண்டும். நீங்கள் இப்போது மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த இயற்பியல் வகுப்பு அதற்கானதுதான். கல்லூரியில் என்சிசி இருந்தால் உடனே பெயர் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். சாதாரணப் பதற்றத்துக்கும் நோய்க்கும் நடுவே ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, கிடைக்காவிட்டால் வாழ்ந்து பயனில்லை என்று தோன்றுகிறது என்றால், அது மன உறுதியால் தாங்கிக் காட்ட வேண்டிய விஷயம் இல்லை. அன்றே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. ‘மனநல உதவி கேட்டால் ராணுவத்தில் எடுக்கமாட்டார்கள்’ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரு பிள்ளையை நான் அறிவேன். ஒரு போன் அழைப்பு யாருடைய கோப்பிலும் ஏறுவதில்லை. உங்கள் உயிரைவிடப் பெரிய அகாடமி எதுவும் இந்த நாட்டில் கிடையாது.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்வி. செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள், நாளைக்கே கட்டுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் குடும்பத்தால் தாங்கக்கூடிய தொகைதான். ஜனவரியில் கடக்வாஸ்லா போனால் அந்தப் பணம் போகட்டும். போகாவிட்டால் ஓர் அரையாண்டு உங்கள் கையில் இருக்கும். வருகைப் பதிவு குறைந்திருந்தால் துறைத் தலைவரைப் பார்த்துப் பேசுங்கள், எஸ்எஸ்பிக்கும் மெடிக்கலுக்கும் போன நாட்களின் அழைப்புக் கடிதங்களை எடுத்துச் செல்லுங்கள். ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதையும் இந்த வாரத்தில் முடித்துவிடுங்கள்.